மூன்று மிதி

அத்தியாயம் 7

"என் அப்பா, என் ஹீரோ" என்று தொடங்கும் அந்த வீடியோவை உதவியாளன் ரவிதேஜா மூன்றாம் தடவையாக ஓட்டினான். லோகப்பிரியா கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். உக்கடத்தில் காலை பதினொரு மணிக்கு வெளியே பார்க்க மீன் லாரிகளும், அவற்றிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும்தான் உண்டு. அந்த வீடியோவுக்கு அது எவ்வளவோ தேவலாம்.

"அணைச்சுத் தொலைடா."

"இருங்கக்கா, இனிமேதான் அழுகிற சீன். வயலின் எல்லாம் போட்டிருக்கான்."

வீடியோவில் கதிரேசன் ஒரு க்ரீம் கலர் ஃபியட்டின் பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். ஐம்பது வருஷம் அப்பாவைச் சுமந்த வண்டி. கார்பரேட்டரைக் கழற்றி, எலக்ட்ரானிக் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வைத்து, புது இதயம் கொடுத்திருக்கிறேன் என்றான். பிறகு கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டான். ஒற்றிய விரலில் பொட்டு ஈரம் இல்லை.

"இதை எப்ப போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு."

"வண்டி முன்பக்கம் நசுங்கியிருக்கறதை எப்பப் பாத்தானாம்?"

"ஏழு மணிக்கே பாத்துட்டானாம்." ரவிதேஜா ஒரு விநாடி யோசித்தான். "நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்குல்லக்கா. வயலின் தேடியிருப்பான்."

லோகப்பிரியா பதினாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். எரியாத கடைக்கு நஷ்ட ஈடு கேட்டவனையும், உயிரோடு இருக்கிற மாமியாருக்கு இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தவனையும் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் கோபம் வரும், சில சமயம் சிரிப்பும் வரும். இந்த வழக்கில் இரண்டும் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், கிணத்துக்கடவுக்கு மேற்கே ஒரு தோட்டத்துச் சாலையில், தக்காளி பறிக்கப் போய்க்கொண்டிருந்த பூவாத்தாள் என்ற கூலிக்காரப் பெண்மணியை ஒரு பழைய ஃபியட் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. எதிரில் தூரத்தில் வந்த பால் வண்டிக்காரர் காரை மட்டும்தான் பார்த்தார், ஓட்டியவரைப் பார்க்கவில்லை. அந்த வட்டாரத்தில் ஓடுகிற நிலையில் இருக்கும் ஃபியட் ஒன்றே ஒன்று, கதிரேசனின் தோட்டத்து ஷெட்டில் நிற்பது. அந்தத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் கதிரேசனும் அவன் அப்பா மாரப்பனும் மட்டுமே.

போலீஸ் வந்து கதவைத் தட்டுவதற்குள் கதிரேசனே நேற்று மாலை ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டான். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது, மறதி நோய், யாருக்கும் தெரியாமல் வண்டியை எடுத்துப் போய் இடித்துவிட்டார், நாளை மாலை ஐந்து மணிக்கு டாக்டர் சர்டிபிகேட்டோடு நானே கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

மாரப்பனின் மகள் செவ்வந்தி பீளமேட்டில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். இன்று காலை ஆறு மணிக்கே லோகப்பிரியாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்குச் சாப்பிட்டது மறந்துபோகுமுங்க. என்ற பேரே சில நாளைக்கு மறந்துபோகுமுங்க. ஆனா ஒரு மனுஷியை இடிச்சுப்போட்டு அப்படியே விட்டுட்டு வர்ற ஆளு இல்லீங்க. அதைவிடக் கொடுமை, அவரே நாந்தான் இடிச்சேன்னு நம்ப ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கல."

மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கிழவர் இடிக்கவில்லை என்று காட்ட வேண்டும். கையில் இருந்த ஒரே நூல், அந்தப் புது இதயத்தை வைத்த அப்துல் நாசர்.

நாசரின் ஒர்க் ஷாப் ஒரு சந்தின் கோடியில் இருந்தது. நாசருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்பானர் வைக்கிற தள்ளுவண்டியின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"நாசர் பாய், இந்த வண்டி பேசுமாமே?" என்றான் ரவிதேஜா.

"பேசாது தம்பி, எழுதும்." அவர் லேப்டாப்பைத் திருப்பினார். "கார்பரேட்டர் இருந்தப்ப பெட்ரோலும் காத்தும் தானா கலக்கும். இப்ப டேங்குக்குள்ள ஒரு கரண்டு பம்பு, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு பெட்டி. சின்ன கம்ப்யூட்டர்தான். எவ்வளவு பெட்ரோல் பீச்சணும்னு அதுதான் முடிவு பண்ணும். சாவி போட்டா முழிச்சுக்கும். இஞ்சின் வேகம், சூடு, ஆக்சிலேட்டர் மிதி எல்லாத்தையும் டைம் போட்டு எழுதி வெச்சுக்கும். சாவி எடுத்தா தூங்கிடும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஃபைல்."

"திங்கட்கிழமைக்கு?"

"ரெண்டு ஃபைல். அஞ்சு நாப்பத்தெட்டுக்கு எடுத்து ஆறு நாலு வரைக்கும் ஒண்ணு. ஆறு எட்டுல இருந்து ஆறு இருபத்தொண்ணு வரைக்கும் இன்னொண்ணு. நேத்து கதிரேசன் கூப்பிட்டு, பெட்டியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க பாய், எங்கப்பாதான் எடுத்திருப்பாரோன்னு சந்தேகமா இருக்குன்னாரு. படிச்சேன்." நாசர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "படிக்காம இருந்திருக்கலாம் மேடம்."

இரண்டாவது ஃபைலைத் திறந்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு. அதில் அடுத்தடுத்து மூன்று மேடுகள்.

"இது ஆக்சிலேட்டர். இஞ்சின் இன்னும் சுத்த ஆரம்பிக்கவே இல்ல. அதுக்கு முன்னாடியே அடிவரைக்கும் மூணு மிதி. அப்புறம்தான் ஸ்டார்ட். இது பழைய ஆளுங்க பழக்கம் மேடம். கார்பரேட்டர் வண்டியில அப்படி மிதிச்சா உள்ள கொஞ்சம் பெட்ரோல் எறங்கும், சட்டுனு பிடிக்கும். இஞ்செக்‌ஷனுக்கு அது தேவையே இல்ல, மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா மாரப்பய்யாவுக்குக் கார்பரேட்டரைக் கழட்டினதே தெரியாது. மனசு சங்கடப்படுவாருன்னு கதிரேசன் சொல்லல. குளிர்ல ஸ்டார்ட் பண்ண இழுக்கற சோக் குமிழைக்கூட சும்மா அழகுக்கு விட்டு வெச்சிருக்கேன். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் விட்டப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அய்யா மூணு மிதி மிதிச்சுத்தான் எடுத்தாரு."

"கதிரேசன்?"

"அவருக்கு மிதிக்கத் தெரியாது. பொறந்ததுல இருந்து புது வண்டிதான்."

பெரியவரைக் காப்பாற்ற வந்து, அவரைப் பூட்டுகிற பூட்டைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

லோகப்பிரியா குனிந்து திரையைப் பார்த்தாள். "முதல் ஃபைலைக் காட்டுங்க. வீட்டுல எடுத்தது."

நாசர் திறந்தார். பச்சைக் கோடு சமமாகக் கிடந்தது. மேடு எதுவும் இல்லை. சாவி, ஸ்டார்ட், அவ்வளவுதான்.

"வீட்டுல மிதிக்கல. நடுரோட்டுல மிதிச்சிருக்காரு," என்றாள்.

"மறதி நோய்தானேக்கா," என்றான் ரவிதேஜா. "வீட்டுல மறந்திருப்பாரு, ரோட்டுல ஞாபகம் வந்திருக்கும்."

"கதிரேசனும் அச்சு அசலா இதையேதான் சொன்னாரு," என்றார் நாசர்.

அதைக் கேட்டதும் லோகப்பிரியா நிமிர்ந்தாள். தன் உதவியாளனின் வாயிலிருந்து வருகிற முதல் யோசனை பெரும்பாலும் சோம்பேறி யோசனை என்பது அவளுக்கு ஐந்து வருட அனுபவம். அதே யோசனையைக் கதிரேசன் தயாராக வைத்திருந்தான் என்பதுதான் உறுத்தியது.

"பெட்டி இதையெல்லாம் எழுதும்னு அவனுக்கு எப்பத் தெரியும் பாய்?"

"ஆரம்பத்துல இருந்தே. டியூனிங் பண்ணறப்ப எல்லாம் வீடியோ எடுக்கக் கூடவே நிப்பாரு. இந்த ஆக்சிலேட்டர் கோட்டைக் காட்டி நானே தமாஷ் பண்ணுவேன், உங்கப்பா மூணு மிதி மிதிக்கறதை எல்லாம் இது போட்டுக் கொடுத்துரும்னு."

"லேப்டாப்பை எடுத்துக்கங்க. தோட்டத்துக்குப் போறோம்."

பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி தாண்டியதும் லோகப்பிரியா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் ஒருத்தி போனைப் பூவாத்தாளின் காதில் வைத்தாள். இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிற மனுஷியின் குரல் மெலிந்து வந்தது.

"வண்டி நின்னுதுங்க. ஆளு எறங்கி வந்துச்சுங்க. லைட்டு கண்ணுல அடிச்சதுல மொகந் தெரியல. தண்ணி வேணும்னு கேட்டேனுங்க. பேசல. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டு, வண்டியில ஏறிப் போயிருச்சுங்க."

"எவ்வளவு நேரம் இருக்கும்மா?"

"வலியில என்னத்தைங்க தெரியும். வருசக்கணக்கா நின்ன மாதிரி இருந்துச்சு."

லோகப்பிரியா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். வருசக்கணக்கு அல்ல, ஆறு நாலிலிருந்து ஆறு எட்டு வரை, நான்கு நிமிடம். லோகப்பிரியா தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கப் பிடிக்காமல் மூடி வைத்துவிட்டாள்.

"நாலு நிமிஷத்துல நூடுல்ஸே ரெண்டு தடவை வெந்துரும்," என்றான் ரவிதேஜா. அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை.

தென்னந்தோப்புக்கு நடுவே கதிரேசனின் வீடு புதுப் பெயின்ட் வாசனையோடு நின்றது. அதையும் மீறி ஷெட்டிலிருந்து பினாயில் வாடை அடித்தது. ஃபியட்டின் முன்பக்கம் நசுங்கியிருந்தது, ஒரு இண்டிகேட்டர் உடைந்திருந்தது. ஆனால் அழுக்கு என்று ஒரு துளி கிடையாது. இடித்த வண்டியை இவ்வளவு அக்கறையாகக் குளிப்பாட்டியவனின் கையிலிருந்து லோகப்பிரியாவுக்கு ஒரு வணக்கம் வாங்கக்கூடப் பிடிக்கவில்லை.

"வாங்க மேடம், வாங்க. எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?" கதிரேசனுக்கு நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, தூக்கலான சென்ட். "செவ்வந்தி சொல்லுச்சுங்க, நீங்க வர்றீங்கன்னு. அதுக்கு மனசு கேக்கல, பாவம். எனக்கு மட்டும் கேக்குதுங்களா? ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குதுல்லங்க."

"இருக்குதுங்க," என்றான் ரவிதேஜா. "அதைப் பாக்கத்தான் பெட்ரோல் போட்டுட்டு வந்தோம்."

ஷெட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாரப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செவ்வந்தி கரைத்த மோர்ச் சோற்றை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். கிழவர் வாயைத் திறக்கவில்லை. மெலிந்த உடம்பு, ஆனால் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, வாரிய தலை. சட்டைப் பையில் காகிதத் துண்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் சீட்டுல எழுதிக் குடுத்தாத்தானுங்க அப்பாவுக்கு நெனப்பு இருக்கும்," என்றாள் செவ்வந்தி. "மாத்திரை, டாக்டர் வர்ற தேதி, என்ற போன் நம்பர்."

லோகப்பிரியா அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "அய்யா, திங்கட்கிழமை வண்டி எடுத்தீங்களா?"

"எனக்கு நெனப்பு இல்லீங்க அம்மணி." அவர் பையில் துழாவி ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். விரல்கள் நடுங்கின. "ஆனா இதுல எழுதியிருக்குதுங்களே."

மத்தியானம் வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று என்று முதல் வரி. அதற்குக் கீழே அதே குண்டு குண்டான கையெழுத்தில், 'திங்கள் காலை நீங்கள் காரை எடுத்துப் போய் ஒரு பெண்ணை இடித்துவிட்டீர்கள். போலீஸ் கேட்டால் மறைக்காமல் ஒத்துக்கொள்ளவும்.'

லோகப்பிரியா அதை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய பதினாறு வருடக் கிளெய்ம் ஃபைல்களில் பொய்ச் சான்றிதழ்கள் கட்டுக்கட்டாக உண்டு. ஆனால் ஒரு மனுஷனின் சட்டைப் பைக்குள்ளேயே போய், அவன் ஞாபகத்தில் மலம் கழித்துவிட்டு வந்த காகிதத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"எழுதினது யாருங்க?"

"நாந்தானுங்க," என்றான் கதிரேசன் சங்கடமே இல்லாமல். "ஸ்டேஷன்ல போய் முழிக்கக் கூடாதுல்லங்க."

அவள் எழுந்தாள். முகத்தை எப்படியோ சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"நீங்க சொல்றதுதான் சரின்னு நாசர் பாயோட லேப்டாப்பும் சொல்லுதுங்க. அந்த மூணு மிதி. ஆனா இன்ஸ்பெக்டருக்கு அது புரியணுமே. அப்பா எப்படி வண்டி எடுப்பாருன்னு நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டினா, பாய் அதைப் பதிவு பண்ணிக்குவாரு. திங்கட்கிழமைக் கோட்டையும் இதையும் பக்கத்துல வெச்சுக் காட்டிரலாம்."

கதிரேசன் ஒரு விநாடி தயங்கினான். பிறகு முகம் மலர்ந்தது. "நல்ல ஐடியாங்க மேடம். வீடியோவும் எடுத்துக்கலாமா?"

"எடுத்துட்டேதானுங்க இருக்கேன்," என்றான் ரவிதேஜா, போனை உயர்த்திப் பிடித்தபடி. "லைட்டிங் பிரமாதமா இருக்குங்க."

நாசர் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரைச் செருகினார். கதிரேசன் ஸ்டியரிங் முன்னால் சரிந்து உட்கார்ந்தான். சாவியைப் போட்டுத் திருப்பினான். வண்டியின் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ஙொய்' என்று ஓடி நின்றது. அதற்குப் பிறகு காலை ஓங்கி, டக், டக், டக். ஸ்டார்ட். இஞ்சின் கிளம்பியதும் அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"இப்படித்தானுங்க எங்கப்பா எடுப்பாரு. சின்னப் பையனா இருந்தப்ப இருந்து கேட்டிருக்கேன்."

லேப்டாப்பில் மூன்று மேடுகள். திங்கட்கிழமை மேடுகளின் மேல் வைத்தால் அப்படியே பொருந்தும்.

"அருமைங்க," என்றாள் லோகப்பிரியா. "இப்ப அய்யா ஒரு தடவை."

"அவரு எதுக்குங்க? பாவம், ஒடம்பு..."

"ஒரே தடவைதான்."

செவ்வந்தி சாவியை வாங்கி, அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்து, அவர் கையில் கொடுத்தாள். நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்த கிழவரின் கை ஸ்டியரிங்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. கியர் தண்டை ஒரு ஆட்டு ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தார். சோக் குமிழை இழுத்தார். அது எதையும் இழுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. பிறகு கால் தானாக எழுந்தது. டக், டக், டக். மூன்று மிதியும் ஷெட் முழுக்கக் கேட்டது.

சாவி இன்னும் அவர் இடது கையில்தான் இருந்தது.

மிதித்து முடித்த பிறகு நிதானமாகச் சாவியை எடுத்துப் போட்டு, ஒரே திருப்பாகத் திருப்பினார். இஞ்சின் கிளம்பியது. அவர் முகத்தில் இரண்டு நாளில் முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது.

லேப்டாப்பில் பச்சைக் கோடு சமமாகக் கிடந்தது. ஒரு மேடு கிடையாது.

நாசர் முதலில் புரிந்துகொண்டார். சனிக்கிழமை ஃபைலைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தன் காதால் அந்த மூன்று மிதியைக் கேட்ட நாள் அது. அதிலும் கோடு சமமாகத்தான் கிடந்தது.

"யா அல்லா," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்து நான் அந்த ஒரு ஃபைலை மட்டும் பாத்துட்டு வந்துட்டேனே."

"கார்பரேட்டர் வண்டியில பழகினவரு சாவி போடறதுக்கு முன்னாடியே மிதிச்சு முடிச்சுருவாரு," என்றாள் லோகப்பிரியா. "அப்ப பெட்டி தூங்கிட்டிருக்கும். அய்யா இன்னும் அம்பது வருஷம் மிதிச்சாலும் இதுல ஒரு மேடு விழாது. சாவி போட்டாத்தான் பெட்டி முழிச்சிருக்கும்னு தெரிஞ்ச ஆளு, பெட்டிக்குக் கேக்கணும்னே மிதிச்சாத்தான் விழும். இப்ப நீங்க மிதிச்ச மாதிரி."

கதிரேசனின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்ட ஆரம்பித்தது. "ரோட்டுல பதட்டத்துல அப்பா சாவி போட்டப்பறம் மிதிச்சிருக்கலாமுங்களே."

அதற்குப் பதில் ஸ்டியரிங்கின் பின்னாலிருந்து வந்தது. மாரப்பன் இஞ்சினை அணைத்திருந்தார்.

"ஓடி வந்த வண்டியை எதுக்குங்க மிதிக்கறது?" என்றார், யாரோ விவரம் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல. "ஆறிக் கெடக்கற பச்சை இஞ்சினுக்குத்தானுங்க மிதி. சூடான இஞ்சினை மிதிச்சா பெட்ரோல் ரொம்பிப்போகும், நட்டுக்கிட்டு நின்னுக்கும். வண்டி ஓட்டறவன் எவனும் அதைச் செய்யமாட்டானுங்க."

மகளின் பேரே மறந்துபோகிற மனுஷன் கால் பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

லோகப்பிரியா கதிரேசனிடம் திரும்பினாள். "விடியற வெளிச்சத்துல வீடியோ எடுக்க வண்டியைக் கொண்டுபோயிருப்பீங்க. இடிச்சதும் நிறுத்திச் சாவியை எடுத்துட்டு எறங்கிப் பாத்தீங்க. அந்தம்மா தண்ணி கேட்டாங்க. நீங்க நாலு நிமிஷம் நின்னு யோசிச்சீங்க. அப்புறம் போய் உக்காந்து, சாவி போட்டு, மூணு மிதி மிதிச்சீங்க. அவங்க ரோட்டுல கெடந்து கேட்டுட்டே இருக்கறப்ப."

அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்தாள். கத்துவான், வக்கீலைக் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரு அடி நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, மரியாதை குறையாமல் பேசினான்.

"மேடம், யோசிச்சுப் பாருங்க. இந்த வயசுல, இந்த நோயில அவரை யாரும் உள்ள வெக்கமாட்டாங்க. ரெண்டு நாள்ல அவருக்கே மறந்துபோகுமுங்க. எனக்கு அப்படி இல்லீங்களே. யாருக்கு நட்டம், சொல்லுங்க?"

சென்ட் வாசனை முகத்தில் அடித்தது. லோகப்பிரியா இரண்டடி பின்னால் போனாள். அவனை அறையத் தோன்றவில்லை. அறைந்தால் கை கழுவ வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றியது.

"ரெக்கார்ட் ஆயிருச்சுக்கா," என்றான் ரவிதேஜா மெதுவாக. "வயலின் போடத் தேவையில்ல."

மாரப்பன் காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. "ஏனுங்க அம்மணி, அந்தப் பொம்பளப் புள்ளை எப்படி இருக்குதுங்க?"

லோகப்பிரியாவுக்குச் சட்டென்று உறைத்தது. காலையிலிருந்து இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை, செவ்வந்தியும் நாசரும்கூட.

"பொழைச்சுக்குவாங்க அய்யா. இடுப்புலதான் அடி."

"அப்ப... நான் இடிக்கலீங்களா?"

"இல்லீங்க. நீங்க இடிக்கல."

செவ்வந்தி அழ ஆரம்பித்தாள். கிழவர் அழவில்லை. மகனைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த அந்தச் சீட்டை எடுத்தார். படித்தார். திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தார். நாசரின் பையில் செருகியிருந்த பேனாவை உருவி, இரண்டையும் கதிரேசனிடம் நீட்டினார்.

"எழுது."

"அப்பா..."

"இடிச்சது யாருன்னு எழுது. உன்ற கையெழுத்துன்னாத்தான் நான் நம்புவேன்." அவர் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "பொழுது சாஞ்சா எனக்கு மறந்துபோகும். மறுபடியும் நாந்தான்னு நெனச்சுக்குவேன். மறந்துபோறதுக்குள்ள எழுது கண்ணு."

கதிரேசன் சுற்றிலும் பார்த்தான். நாசர் லேப்டாப்பை மூடவில்லை, ரவிதேஜா போனை இறக்கவில்லை. பேனாவை வாங்கி, ஃபியட்டின் பானெட் மேலேயே வைத்து எழுதினான். ஒரே வரிதான், குண்டு குண்டான எழுத்தில். மாரப்பன் அதை வாங்கி ஊதிக் காயவைத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வந்தி ஊட்டிய மோர்ச் சோற்றை அவர் முழுதாகச் சாப்பிட்ட பிறகுதான் கிளம்பினார்கள். ஃபியட்டை ஷெட்டிலேயே விட்டு, காவலுக்கு நாசரையும் விட்டுவிட்டு, எல்லோரும் லோகப்பிரியாவின் காரில் ஏறினார்கள். ரவிதேஜா ஓட்டினான், கதிரேசன் முன்சீட்டில் உட்கார்ந்தான், அப்பாவை நடுவில் வைத்து இரண்டு பெண்களும் பின்னால்.

தோட்டத்திலிருந்து கிணத்துக்கடவு ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர். அந்த ஏழு கிலோமீட்டருக்குள் மாரப்பன் அந்தச் சீட்டை மூன்று தடவை எடுத்துப் படித்தார். மூன்று தடவையும் புதிதாகத்தான் படித்தார். மூன்றாவது தடவை படித்துவிட்டு, முன்சீட்டுப் பக்கம் குனிந்து மகனின் தோளைத் தொட்டார்.

"கதிரேசா, நெசமாவா கண்ணு?"